கயிறு இழுத்தே கை ஓய்ந்துபோச்சா? பழைய தோட்டத்து பெட்ரோல் எஞ்சினுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை கிடையாது. ஜூனில் கொட்டகைக்குள் தள்ளிய இரண்டு இன்ச் பெட்ரோல் பம்பை, புரட்டாசி வெயிலில் வாழை இலை வாடத் தொடங்கும்போதுதான் திரும்ப வெளியே இழுப்பேன். கயிறைப் பத்து முறை இழுத்தாலும் எழும்பாது. வருஷா வருஷம் இதே கூத்து.

முதல் வருஷம் நான் செய்த முதல் காரியம், ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருகியதுதான். ஒன்றும் ஆகவில்லை. வண்டியில் தூக்கிப்போட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் திருகுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணாச்சி, மே மாசம் வரைக்கும் நல்லா ஓடுச்சுல்லா? கெடந்த எடத்துல திருகு தானா திரும்புமா? பெட்ரோல் எதுவரைக்கும் வருதுன்னு பாக்காம அதத் தொடாதீய.”

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு பேச்சின் விரிவுதான். பெட்ரோல் போகும் வழி நேர் வழி: டேங்க், அதன் அடிச்சல்லடை, பெட்ரோலைத் திறந்து மூடும் காக், அதற்குக் கீழே அழுக்கு தங்கும் சின்னக் கிண்ணம், ரப்பர் ட்யூப், கார்புரேட்டருக்குள் நீடில் வால்வ் (வழியை மூடித் திறக்கும் ஊசி), ஃப்ளோட் கிண்ணம் (அந்த ஊசியைத் தள்ளும் மிதவை இருக்கும் கிண்ணம்), ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் பொடி ஓட்டை), பிறகு காற்றோடு கலந்து சிலிண்டர். டவுன் பஸ் எந்த ஸ்டாப்பில் நின்றுபோனது என்று விசாரிப்பதுபோல, பெட்ரோல் எங்கே நின்றது என்று விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இங்கே சொல்வது டேங்க் மேலே இருந்து பெட்ரோல் தானாக இறங்கும் ஒற்றை சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு. தண்ணீர் பம்ப், பவர் வீடர், தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டி எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். தோளில் மாட்டும் பிரஷ் கட்டரின் வயிறு வேறு மாதிரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கழற்றும் முன் இதை மட்டும் செய்துவிடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். வேலையைக் கொட்டகைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் மேல் இருக்கும் கேப்பைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். பக்கத்தில் பீடி பிடிக்கிறவர் இருந்தால் டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.

இது பெட்ரோல் கோளாறுதானா?

கயிறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கட்டியாகப் பிடித்துத் திமிறினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது) இருக்கிறது. எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் கார்புரேட்டரைக் கழற்றிப் பயனில்லை. வால்வையோ ரிங்கையோ பார்க்க வேண்டும்.

அடுத்து, கேப்பைத் திரும்ப மாட்டி, சோக் (காற்றைக் குறைக்கும் தகடு) போட்டு ஆறேழு முறை இழுத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் சிலிண்டர் வரை வந்துவிட்டது. காய்ந்து கிடந்தால் வழியில் எங்கோ நின்றுவிட்டது. இதற்குச் செலவாவது இரண்டு நிமிடம். பாதி வீண்வேலை இதிலேயே மிச்சமாகிவிடும்.

காய்ந்திருந்தால் இன்னொரு சோதனை. ஊசி இல்லாத சிரிஞ்சில் 2 மி.லி. புதுப் பெட்ரோல் எடுத்து பிளக் ஓட்டைக்குள் விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கையும் கேப்பையும் மாட்டி, பெட்ரோல் பாட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு இழுங்கள். இரண்டு மூன்று விநாடி படபடவென்று அடித்துவிட்டு அணைந்தால் பிளக்கில் கரண்ட் இருக்கிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ஒரு வெடி கூட வெடிக்கவில்லை என்றால் கரண்ட் பக்கம் போங்கள்.

கரண்ட் பக்கம் போகிறவர்கள் முதலில் எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். இந்த ரக எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் கரண்டை நிறுத்தும் ஒரு சுவிட்ச் அடியில் உண்டு. என் பம்பில் மொத்தமே 600 மி.லி. ஆயில்தான். கொஞ்சம் குறைந்தாலும், எஞ்சினைச் சாய்வான வரப்பில் வைத்தாலும், அது ஊமையாகிவிடும். ஒருநாள் முழுக்க கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, கடைசியில் ஆயில் ஊற்றியதும் ஒரே இழுப்பில் எழும்பிய அவமானம் எனக்கு உண்டு.

அறிகுறி: எத்தனை இழுத்தாலும் பிளக் காய்ந்தே இருக்கிறது

ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் ஒரு சின்ன போல்ட் இருக்கும். பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். நடுவில் கிண்ணத்தைத் தாங்கும் போல்ட் வேறு; இது ஓரமாகச் சாய்வாக இருக்கும். கீழே ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, காக்கைத் திறந்துவிட்டு, இந்த போல்ட்டைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் கப் வேண்டாம்; உள்ளே விழுவது என்ன என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் விடாமல் ஒழுகி அரை டம்ளர் நிறைந்தால், கிண்ணம் வரை பாதை சரி. அடைப்பு ஜெட்டில்தான். அடுத்த அறிகுறியில் சொல்லும் சுத்தம்தான் மருந்து.

முதலில் கொஞ்சம் கொட்டி அப்புறம் சொட்டுச் சொட்டாக வந்தால், கிண்ணத்துக்கு மேலே பாதி அடைப்பு. ட்யூப்பை கார்புரேட்டர் பக்கம் உருவிப் பாருங்கள். ட்யூப்பில் நன்றாக வந்தால் நீடில் வால்வ்தான் குற்றவாளி. ட்யூப்பிலும் சொட்டினால் காக், அதன் கீழ்க்கிண்ணம், டேங்கின் சல்லடை என்று மேலே ஏறிப் போங்கள். கீழ்க்கிண்ணத்தைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் பத்திரம். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலைக் குடித்து உப்பிப்போன வளையம் திரும்பப் பள்ளத்தில் உட்காராது. அப்போது புதிது போட்டுவிடுவதே நல்லது.

சொட்டுகூட வராவிட்டால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். மாதக்கணக்கில் கிடந்த எஞ்சினில் பெட்ரோல் காய்ந்து, நீடில் அதன் இருக்கையோடு ஒட்டிப் பிடித்திருக்கும். தட்டியதும் ஒட்டு விட்டு பெட்ரோல் பொலபொலவென்று இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரமே திரும்ப ஒட்டினால் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டிலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். நல்ல பெட்ரோல் கண்ணாடி மாதிரி இருக்கும், மூக்கில் சுருக்கென்று ஏறும். பழசு சாயத்தேநீர் நிறத்துக்குப் போய், வார்னிஷ் வாசம் அடிக்கும். அடியில் தனியாக ஒரு படலம் நின்று, பாட்டிலைச் சாய்த்தால் மேலே இருப்பதோடு சேராமல் உருண்டு ஓடினால், அது தண்ணீர்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? நாம் ஊற்றவில்லை. இந்தியாவில் 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோலை அறிமுகம் செய்தார்கள். இன்று பங்கில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். நூற்றில் இருபது பங்கு எத்தனால். எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. சாரல் மாதங்களில் பாதி காலியான டேங்குக்குள் ஈரக்காற்று போய் இரவில் வேர்த்து இறங்கும். கொஞ்ச நாள் எத்தனால் அந்தத் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். காக் இருப்பதும் அடியில்தான். அதனால் எஞ்சின் முதலில் குடிப்பதே அந்தக் கஷாயத்தைத்தான். கார்புரேட்டரின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் இதே ஈரத்தின் வேலை.

பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று தெரிய ஒரு எளிய வழி: அளவுக்கோடு போட்ட நீளக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 100 மி.லி. பெட்ரோலும் விட்டு மூடிக் குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் நிற்கும் நீர் 10-லிருந்து ஏறக்குறைய 30-க்கு ஏறியிருந்தால் எத்தனால் 20 சதவீதம். குலுக்கியதைத் திரும்ப டேங்கில் ஊற்றிவிடாதீர்கள்!

அறிகுறி: சோக் போட்டால்தான் ஓடுகிறது, அல்லது உர்ர் உர்ர் என்று ஏறி இறங்குகிறது

எனக்கு மிகப் பழக்கமான சத்தம் இது. எஞ்சின் எழும்பிவிடும். ஆனால் வேகம் ஒரு சீராக நிற்காது. ஏறும், விழும், மறுபடி ஏறும். சோக்கைப் பாதி மூடினால் சமர்த்தாக ஓடும், முழுக்கத் திறந்தால் திணறி அணையும். இது பெட்ரோல் பசி. காற்று போதிய அளவு வருகிறது, பெட்ரோல் போதவில்லை. சோக் காற்றைக் குறைப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது. வேகம் விழுந்ததும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் பதறிப்போய் த்ராட்டிலைத் திறக்கிறது, ஏறியதும் மூடுகிறது; அதுதான் அந்த ஊஞ்சல். கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து வளைத்து இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் பாவம், அதைத் தொடாதீர்கள்.

சும்மா ஓடும்போது ஊஞ்சலாடி, லோடு கொடுத்ததும் சீரானால் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. லோடு கொடுத்ததும் சாகிறது என்றால் மெயின் ஜெட். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் இரண்டும்தான். எப்படியும் கழற்றப் போகிறோம், சேர்த்தே கழுவிவிடலாம்.

ஏர் ஃபில்டரையும் அதன் அடித்தட்டையும் எடுத்தால் கார்புரேட்டர் இரண்டு நட்டில் நிற்பது தெரியும். எதையும் உருவும் முன் போனில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கவர்னர் கம்பி எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்று. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கனத்த பிளாஸ்டிக் துண்டும், அதன் இரண்டு பக்கமும் காகிதப் பேக்கிங்கும் இருக்கும். எது எந்தப் பக்கம், எந்த ஓட்டை எந்த ஓட்டைக்கு நேர் என்று அதையும் படம் எடுங்கள். தலைகீழாகப் போட்டால் காற்றுவழி அடைபடும். புதுக் கோளாறு ஒன்றை நாமே செய்த மாதிரி ஆகிவிடும்.

கிண்ணத்தைக் கழற்றியதும் நடுத்தூணுக்குள் பித்தளையில் மெயின் ஜெட் தெரியும். அதன் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான ஸ்க்ரூடிரைவர் மட்டும் போடுங்கள். சின்னதைப் போட்டுத் திருகினால் பித்தளை நசுங்கி, ஜெட் உள்ளேயே குடியிருந்துவிடும். ஜெட் வந்தபின் கார்புரேட்டரை நிமிர்த்தித் தட்டினால் பின்னாலேயே ஒரு பித்தளைக் குழல் விழும். உடம்பெல்லாம் பொடி ஓட்டையாக இருக்கும். ஜெட்டை மட்டும் கழுவிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். “ஜெட்டு க்ளீனா இருக்கு, அப்பவும் ஏறி எறங்குது” என்ற புலம்பலுக்கு இந்தக் குழல்தான் பதில்.

ஸ்லோ ஜெட், வேகத்தை வைக்கும் திருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும். திருகைக் கழற்றும் முன் அது எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஜெட் மேலே வரும். அதன் ஓட்டை தலைமுடி கனம்தான். பழைய பெட்ரோலின் பிசின் ஒரு துளி போதும், அடைத்துக்கொள்ளும்.

ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக, கூர்மையாக, ஊசிமுனை வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைப்பு. குத்துவதற்கு ஊக்கோ குண்டூசியோ கூடாது. இரும்பு பித்தளையை அறுத்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். வீட்டு வயரின் உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் ஒரே ஒரு இழையை உருவி எடுங்கள். அதுவே நுழையாவிட்டால் கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரேயில் அரை மணி ஊறவிட்டுத் திரும்பக் குத்துங்கள். கார்புரேட்டர் உடம்பில் உள்ள ஒவ்வொரு துவாரத்திலும் ஸ்ப்ரேயை அடித்து, அது வேறு எந்தத் துவாரத்தில் பீறிடுகிறது என்று பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கண்ணில்தான் அடிக்கும், எனக்கு அடித்தது. கடைசியில் பஞ்சர் கடையில் காற்று பிடித்துக்கொண்டால் வேலை முழுமை. தின்னரில் ஊறப்போடுகிறவர்கள் ரப்பர் வளையம், பிளாஸ்டிக் ஃப்ளோட் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் சோக் கேட்டால் எங்கோ ஏர் எடுக்கிறது என்று அர்த்தம். ஓடும் எஞ்சினில் அந்தக் கறுப்புத் துண்டின் இரண்டு ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஓரிடத்தில் பட்டதும் சத்தம் மாறினால் அங்கேதான் பேக்கிங் போயிருக்கிறது. சிலர் இதற்குத் தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். ஒரு சாண் தூரத்தில் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய எஞ்சினின் ஜெட், எத்தனால் இல்லாத காலத்துப் பெட்ரோலுக்கு அளவெடுத்தது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு எரிபொருளுக்குக் காற்று கொஞ்சம் அதிகமாகிவிட்ட கணக்கு. எனவே எல்லாம் சுத்தமாக இருந்தும் லேசான ஊஞ்சல் மிச்சம் இருக்கலாம். கலவைத் திருகு மூடி போடாமல் திறந்திருந்தால் அதை இப்போது, இப்போதுதான், கால் சுற்று கால் சுற்றாக வெளியே விட்டுப் பார்க்கலாம். மெயின் ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்கும் வைத்தியம் வேண்டாம்.

அறிகுறி: பத்து நிமிஷம் நன்றாக ஓடும், பிறகு அணையும், ஆறவிட்டால் திரும்ப ஓடும்

அணைந்ததும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது. மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் இறங்காமல் நின்றுவிடுகிறது. மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடைத்த அந்த ஓட்டையை ஊசியால் குத்தினால் போதும். இதைத் தெரியாமல் என் சித்தப்பா இரண்டு கார்புரேட்டர் மாற்றினார்.

மூடியைத் தளர்த்தி வைத்தும் அணைந்தால், அணைந்த அந்த நிமிடமே பிளக்கைப் பாருங்கள். பிளக் ஈரமாக இருந்து கரண்ட் இல்லை என்றால், பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் சூட்டில் கைவிடுகிறது. காய்ந்திருந்தால் டேங்கின் துரு. ஓடும்போது துருத்தூள் சல்லடையில் போய் அப்பிக்கொள்ளும், நின்றதும் உதிர்ந்து வழிவிடும்.

துருப்பிடித்த டேங்கைக் கழற்றி, கையளவு சின்ன நட்டும் கொஞ்சம் பெட்ரோலும் போட்டு மூடிக் குலுக்கி ஊற்றினால் சிவப்புக் குழம்பாக வரும். தெளியும் வரை நாலைந்து முறை. பத்து நட்டு போட்டால் பத்தையும் எண்ணி எடுங்கள். என் டேங்கில் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது, எஞ்சினைத் தூக்கும்போதெல்லாம் ‘டிங்’ என்று சொல்லும்.

அறிகுறி: பெட்ரோல் ஒழுகுகிறது, அல்லது ஆயில் அளவு தானாக ஏறுகிறது

கார்புரேட்டரின் மூக்கு வழியாகவோ கிண்ணத்தின் சின்னக் குழல் வழியாகவோ பெட்ரோல் வடிந்தால், நீடில் வால்வ் மூடவில்லை. முதலில் காக்கை மூடுங்கள்.

நீடிலின் கூர்முனையைச் சுற்றி வட்டமாகத் தேய்மான வளையம் விழுந்திருந்தால் நீடிலை மாற்றுங்கள். முனை நன்றாக இருந்தால் இருக்கையில் ஒரு தூசிதான். பட்ஸால் துடைத்தால் போகும். அடுத்து ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளக் சளக் என்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் குடித்திருக்கிறது. அது இனி மிதக்காது, மூழ்கும். மூழ்கினால் நீடில் எப்படி மூடும்?

இந்த ஒழுகலில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. வெளியே வடியாமல் பெட்ரோல் உள்பக்கம் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங் வழியாக ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குச்சியைத் துடைத்துப் பாருங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டி, தண்ணீராக ஓடி, பெட்ரோல் வாசம் அடித்தால் அந்த எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றியபிறகுதான் கயிறைத் தொட வேண்டும்.

கயிறு சிமென்ட் போட்டதுபோல இறுகி நிற்கிறதா? சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் நிறைந்திருக்கலாம். பலம் காட்டாதீர்கள், உள்ளே கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, கேப்பைத் தூரமாக வைத்து, மெதுவாக இழுத்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீச்சும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் காக்கை மூடும் பழக்கம் இருந்தால் இந்த அத்தியாயமே உங்களுக்கு வேண்டியிருக்காது.

அறிகுறி: கரும்புகை, பிளக்கில் கரி, பெட்ரோல் குடிக்கிறது

பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. காற்றை முதலில் பாருங்கள், அது சுலபம். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். புகை நின்றால் ஃபில்டர்தான். ஸ்பாஞ்ச் ரகத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கலாம், காகித ரகத்தைக் கழுவக் கூடாது. அடுத்து சோக் தகடு முழுக்கத் திறக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். லீவர் நகரும், தகடு நகராது. தண்டின் திருகு கழன்றிருக்கும். மூன்றாவது, போன தடவை மெயின் ஜெட்டை நீங்கள் சரியாக இறுக்கினீர்களா?

நீலப்புகை என்றால் எரிவது ஆயில். அது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் பழைய எஞ்சின்களுக்கு ஒரு வார்த்தை

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின்கள் இன்னும் சில தோட்டங்களில் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் பெரிய கோளாறு மனிதக் கோளாறு. மண்ணெண்ணெயிலேயே அணைத்துவிட்டுப் போனால் கிண்ணத்தில் நிற்பது மண்ணெண்ணெய், காலையில் குளிர்ந்த எஞ்சினில் அது எரியாது. கிண்ணத்து போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு, பெட்ரோல் காக்கைத் திறந்து கிளப்புங்கள். அணைக்கும் முன் மூன்று நான்கு நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. சூடேறும் முன் அவசரப்பட்டு மாற்றினாலும் வெள்ளைப்புகை கக்கி நிற்கும்.

சும்மா கிடக்கப் போகும் எஞ்சினுக்கு

நான் இப்போது செய்வது: மே கடைசியில் டேங்கைக் காலி செய்கிறேன். எஞ்சினை ஓடவிட்டுக் காக்கை மூடி, தானாக அணையும் வரை விடுகிறேன். அப்படியும் கிண்ணத்தின் அடியில் இரண்டு ஸ்பூன் மிச்சம் நிற்கும், அதுதான் பிசினாகிறது. அதனால் கிண்ணத்து போல்ட்டையும் கழற்றி வடித்துவிடுகிறேன். டேங்கை நிரப்பி வைப்பது நல்லது என்பவர்கள் உண்டு, எத்தனால் கலக்காத காலத்தில் அது சரி. இ20-யோடு சாரல் காலத்தில் காலி டேங்க்தான் என் கட்சி. இரும்பு டேங்க் என்பதால் உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு உருட்டி வைக்கிறேன். வடித்த பெட்ரோல் தெளிவாக இருந்தால் பைக் டேங்கில் அரை லிட்டராகக் கலந்து தீர்த்துவிடலாம். தண்ணீர் பிரிந்ததைக் கிணற்றோரத்தில் மட்டும் கொட்டாதீர்கள்.

பிரஷ் கட்டர்: ஃப்ளோட் கிடையாது, தோல்தான்

டூ-ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும். அதனால் பெரும்பாலானவற்றில் கிண்ணமும் ஃப்ளோட்டும் கிடையாது. டயஃப்ரம் என்ற மெல்லிய தோல் பெட்ரோலை அளந்து விடுகிறது. இங்கே முதல் சாட்சி கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழி. அதை அமுக்கிவிட்டுக் கவனியுங்கள். அமுங்கியது அமுங்கியபடியே நின்றால் டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டர் அடைப்பு. உப்பி வருகிறது, ஆனால் உள்ளே வெறும் நுரையும் காற்றும் என்றால் ட்யூப்பில் விரிசல். குமிழி நிறைகிறது, எஞ்சின் மட்டும் பட்டினி என்றால் கார்புரேட்டருக்குள் போக வேண்டும்.

டேங்கிலிருந்து ட்யூப்பைக் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்து வளைத்துப் பாருங்கள். பழைய ட்யூப் எத்தனாலில் ஊறி மிட்டாய் மாதிரி கையில் ஒட்டும், அல்லது முறுக்கு மாதிரி ஒடியும். டயஃப்ரமும் அப்படித்தான்: புதிது வெங்காயத் தோல்போலத் தொய்ந்து கிடக்கும், பழசு நகம் மாதிரி விறைத்திருக்கும். விறைத்ததைக் கழுவிப் பயனில்லை. பேக்கிங்கோடு செட்டாகக் கடையில் கிடைக்கும். தோல் எது, பேக்கிங் எது, எது முதலில் என்ற வரிசை இரண்டு பக்கமும் ஒன்றல்ல. போனில் படம் எடுக்காமல் பிரிக்க வேண்டாம். பம்ப் பக்கத்து மூடியைத் திறந்தால் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு சல்லடை இருக்கும். அதையும் பாருங்கள்.

கலவை விஷயத்தில் கைக்கணக்கு வேண்டாம். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்), 25-க்கு 1 என்றால் 40 மி.லி. எது என்று மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். இங்கே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. பம்ப் எஞ்சின் பசியோடு ஊஞ்சலாடும். பிரஷ் கட்டர் அதே பசியில் கீச்சென்று அதிக வேகத்தில் கத்தி, பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். அப்படிக் கத்தினால் உடனே அணையுங்கள்.

பெட்ரோல் சரியாக வந்தும், எழும்பியும், வேகம் ஏறாமல் புளுபுளு என்று முனகும் கட்டர் ஒன்று போன தை மாதம் என்னிடம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. ட்யூப் புதிது, டயஃப்ரம் புதிது, எல்லாம் மாற்றி அலுத்துப்போய்க் கொண்டுவந்திருந்தார். சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். வாயில் பாதிக்குமேல் களிமண். குளவி கூடு கட்டியிருந்தது.

“இதுக்கா மாப்ள நான் ரெண்டாயிரம் ரூவா செலவழிச்சேன்?” என்றார்.